சிரித்துக்கொண்டிருந்த மூன்றாம் குழாய்

மண் பொய் சொல்லாது என்று பேசுகிறவர்கள் யாரும் மண் சுமந்தவர்கள் இல்லை. சுமந்தவளுக்குத் தெரியும். மேலே பொருபொருவென்று காய்ந்து கிடக்கும். கூடையில் அள்ளினால் அடியில் ஈரம் கனக்கும். கெட்டித்தரை என்று கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே வாங்கும். சின்னவளின் அம்மா கால்வாய் வெட்டிலும் சாலை வேலையிலும் மண் சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி தேய்ந்துபோனவள். "மண்ணை நம்பலாம். ஆனா கூடையைத் தூக்கிப் பார்த்துட்டு நம்பணும்" என்பாள். அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் மலைச்சரிவில் ஆடு மேய்க்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். சின்னவள் படித்தாள். படித்துப் பட்டம் வாங்கி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அவளும் மண்ணுக்கே வந்து சேர்ந்தாள். ஏரிக்கு அடியில் கிடக்கிற சேறு அவளுக்குப் பிழைப்பு.

அன்று மத்தியானம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் அவளுடைய வாடகை அறைக்கு வந்து நின்றாள். ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒற்றை அடுப்பு, குறுக்கே கட்டிய கொடியில் ஈரத்துணி. அவ்வளவுதான் அறை. அக்கா குனிந்து துணிகளைத் தாண்டி வந்து, கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவளோடு ஆட்டு வாசனையும் உள்ளே வந்து உட்கார்ந்தது. சின்னவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"நாறுதா?" என்றாள் அக்கா.

"காத்து வரட்டும்னு திறந்தேன்."

"திற, திற. நீயும் எங்க வீட்டுல தங்கி, இந்த நாத்தத்துல புரண்டுதான் பள்ளிக்கூடம் போனே. அப்போ பெஞ்சுல உன் பக்கத்துல எவளும் உட்கார மாட்டான்னு அழுவியே."

"என்னக்கா திடீர்னு? மாமாவுக்கு உடம்பு கிடம்பு…"

"அவருக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. நான் ஒண்ணு கேட்கத்தான் வந்தேன். மலை ஆபீஸ்லேருந்து ஆளுங்க வந்தாங்க. இனிமே சரிவுல ஆடு ஏறக்கூடாதுன்னு உத்தரவு வரப்போகுதாம். ஏன்யான்னு கேட்டா, ஏரி மண்ணைப் பரிசோதிச்சுப் பார்த்துட்டாங்களாம். அந்தக் காலத்துல ஆடு மேய்ச்சவங்கதான் காட்டை மொட்டை அடிச்சாங்களாம். காடு போனதால மழையும் போச்சாம். எந்த எடத்துல பரிசோதிச்சாங்கன்னு கேட்டேன். நீ வேலை பார்க்கிற எடத்தைச் சொன்னாங்க." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க நின்னு எவன் வாயையோ பார்த்துக்கிட்டிருக்கிறதைவிட, உன் வாயாலயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். சொல்லு."

அந்த ஏரியில் மிதவை போட்டுக் குழாய் இறக்கியவர்களில் சின்னவளும் ஒருத்தி. அக்கா அந்த மலையில்தான் இருக்கிறாள் என்பதை ஆய்வை நடத்துகிற மேடத்திடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். "அதனால என்ன? சேத்துக்கு உன் அக்கா யாருன்னா தெரியும்?" என்று மேடம் சொல்லிவிட்டாள். சேற்றுக்குத் தெரியாது. ஆனால் மேடம் அனுப்பிய முதல் சுருக்கம் மலை ஆபீசுக்குப் போய், அங்கிருந்து அக்கா வீட்டு வாசல் வரை நடந்து போய்விட்டது.

"இலை மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்குமில்லக்கா? தண்ணி பட்டா உருண்டு ஓடுமே, அது மெழுகு. இலை மக்கிடும். மெழுகு மக்காது. மழையில அடிச்சுக்கிட்டு வந்து ஏரியில விழும். வருஷா வருஷம் சேறு அது மேல மூடிக்கிட்டே வரும். நாங்க குழாய் இறக்கி அந்தச் சேத்தை எடுக்கிறோம். கீழ போகப் போகப் பழசு. மெழுகைப் பிரிச்சு எந்திரத்துல விட்டா ரெண்டு கணக்கு வரும். ஒண்ணு ஹைட்ரஜன். இலை குடிச்ச தண்ணியோடது. நல்ல மழைன்னா அது லேசா இருக்கும், மழை குறைஞ்சா கனமாகும். இன்னொண்ணு கார்பன். மெழுகு மரத்தோடதா, உங்க சரிவுல முளைக்கிற புல்லோடதான்னு அது காட்டிக் குடுத்துடும்."

அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். அவள் மந்தமானவள் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். புத்தியை விட்டவள் இல்லை.

"சரி. அது என்ன காட்டிக் குடுத்துச்சு?"

"மழை நல்லா இருக்கும்போதே மரம் குறைஞ்சு புல் ஏறியிருக்கு. அதுக்கப்புறம்தான் மழை குறையுது. மழை இல்லாம மரம் செத்திருந்தா வானத்து மேல குத்தம். இது மழை இருக்கும்போதே போயிருக்கு. சேத்துல ஆட்டுப் புழுக்கை கரைஞ்ச தடமும் இருக்கு, மேலேருந்து கீழ வரைக்கும்."

"எங்க ஆடா?"

"உங்க ஆடு எப்படிக்கா? இது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆடு."

"அப்போ முப்பாட்டன் திருடினதுக்குப் பேரனைப் பிடிச்சு உள்ள போடுவாங்களா?"

சின்னவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அடுப்பு பற்றவில்லை. மறுபடி பற்ற வைத்தாள்.

"நான் என்ன செய்யட்டும்? மாமா, 'உன் தங்கச்சி படிச்சவ, போய்க் கேட்டுட்டு வா. அவ சொன்னா சரி'ன்னுட்டாரு."

"வித்துடுக்கா," என்றாள் சின்னவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "உத்தரவு வந்தப்புறம் மலையே ஒரே நாள்ல விக்க வரும். அப்போ அடிமாட்டு விலைக்குத்தான் போகும். முந்திக்கிட்டா நல்லது."

"இதை நீ சொல்றியா, அளவு சொல்லுதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

அக்கா எழுந்தாள். தேநீர் கொதிக்கிற வரை கூட இருக்கவில்லை. "பஸ் போயிடும்" என்றாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவருக்கும் அது தெரியும்.

*

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'மெழுகு' என்று பெயர். வைத்தவன் மூக்கன். எந்திரத்தைக் கட்டி மேய்க்கிறவன். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் நியாயமான பெயர். கரைப்பான் குப்பியின் மூடி எங்காவது தளர்ந்திருந்தால் அளவுக்கருவி கத்துவதற்கு முன் அவன் மூக்கு சொல்லிவிடும்.

"என்ன மெழுகு, உருகிப்போய் வந்திருக்கே?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு சிவந்திருக்கு? சரி, இங்க வா. உன் ஏரிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, வந்து பாரு."

சுவரில் அவன் நீளமாகக் காகிதம் ஒட்டியிருந்தான். ஒரே துளையில் அடுத்தடுத்த ஆழத்தில் எடுத்த ஐந்து குழாய்களின் கணக்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக, மேலிருந்து கீழே, இரண்டு கோடுகளாக இறங்கின. நீலம் மழை, பச்சை மரம். கீழேயிருந்து, பழசிலிருந்து படித்தால், நான்காம் குழாயில் கோடுகள் ஒழுங்காக ஏறி வந்தன: மழை குறைகிறது, கொஞ்சம் பின்னால் மரம் குறைகிறது, குழாயின் மேல் முனையில் வறட்சியும் புல்லுமாக நிற்கிறது. அதற்கு மேலே மூன்றாம் குழாய் தொடங்குகிற இடத்தில் திடீரென்று அடர்ந்த காடு, கொட்டுகிற மழை. பிறகு மரம் போய், மழை போய், மூன்றாம் குழாயின் மேல் முனையில் மறுபடி வறட்டுப் புல். இரண்டாம் குழாயின் அடியிலோ மறுபடி கொட்டுகிற மழை, அடர்ந்த காடு.

"படியில ஏறி இறங்கினா மனுஷன். இது மாடியிலேருந்து மாடிக்குத் தாவுது," என்றான் மூக்கன்.

"குழாய்க்குக் குழாய் நடுவுல கொஞ்சம் சேறு விட்டுப் போகும்னு மேடம் சொன்னாங்களே."

"விட்டுப் போகும். ரெண்டு விரக்கடை. அதுக்குள்ள ஒரு காடு முளைச்சு நிக்குமா? நான் எந்திரக்காரன், எனக்கென்ன. வர்றதை அச்சடிச்சுக் குடுக்கிறேன்."

பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "அதனாலதான் அந்த ரெண்டு இடத்துலயும் இன்னும் நெருக்கமா மாதிரி எடுக்கணும்." மேடம் ஒல்லி, நடை சத்தமே கேட்காது. பேச்சில் ஒரு வார்த்தை கூட மிச்சம் இருக்காது. மாணவர்கள் எழுதிக் கொடுக்கிற பக்கத்தில் பாதியை அடித்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். அதனால் முதுகுக்குப் பின்னால் 'கத்தரிக்கோல்' என்று பெயர். பல வருஷம் பிறருடைய அறிக்கைகளில் கடைசிப் பெயராக வந்து, இந்த அறிக்கையில்தான் முதன்முறையாக முதல் பெயராக வரப்போகிறாள். "படிக்கிறவன் முதல்ல அந்தத் தாவல்லதான் விரலை வைப்பான். முனையிலேருந்து எடு. இந்த வாரமே வேணும்."

*

குளிரறையில் ஐந்து மரத்தட்டுகளில் ஐந்து குழாய்களும் படுத்திருந்தன. ஒவ்வொரு குழாயையும் கொண்டுவந்ததும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, உறைய வைத்து உலர்த்தி, பொடித்து, கரைப்பானில் ஊற வைத்து மெழுகை எடுப்பார்கள். மறுபாதியை யாரும் தொடக்கூடாது, அது சாட்சி. பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிரில் வைத்துவிடுவார்கள். குழாயின் முனைகளில் செருகியிருந்த மூடிகளையும் எறிவதில்லை. தட்டின் ஓரத்திலேயே போட்டு வைப்பது அங்கே வழக்கம். சிவப்பு மூடி மேல் முனைக்கு, கறுப்பு மூடி கீழ் முனைக்கு. "சிவப்பு தலை, கறுப்பு கால்" என்று முதல் நாள் மிதவையில் ஏறுகிறவனுக்குக் கூடச் சொல்லித்தான் ஏற்றுவார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் சட்டைக்கு மேல் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு, கையுறைக்குள் விரல்களை மடக்கி மடக்கிச் சூடேற்றிக்கொண்டு, மூன்றாம் தட்டை இழுத்தாள். வெட்டுகிற பாதியில் முனைப்பக்கம் ஏற்கெனவே சுரண்டித் தீர்ந்திருந்தது. சாட்சிப் பாதியிலிருந்து மெலிசாக எடுக்க மேடத்தின் அனுமதி இருந்தது. தாளைப் பிரித்தாள். பிரிக்கும்போது தட்டின் ஓரத்திலிருந்து மூடிகள் உருண்டன.

இரண்டும் கறுப்பு.

அவளுக்கு ஏரி ஞாபகம் வந்தது. அன்று மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பி, மிதவை தொட்டில் மாதிரி ஆடியது. மூன்றாம் குழாய் மேலே வரும்போது அவள் ஓரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்ததையெல்லாம் ஏரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூக்கன் நங்கூரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குழாயை வாங்கி மூடியது மேடம். சிவப்பு மூடி ஒன்று காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்ததையும், அது சின்னப் படகு மாதிரி ஆடி ஆடிப் போனதையும், வாந்திக்கு நடுவே அவள் பார்த்தாள். மேடம் இன்னொரு கறுப்பு மூடியைச் செருகி, பேனாவால் மேல்நோக்கி அம்பு போட்டாள். ஈரப் பிளாஸ்டிக்கில் போட்ட அம்பு. கரைக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் பிளக்கும்போது அம்பு இல்லை. நீலக் கறை மட்டும் இருந்தது. "இதுதான் மேல்" என்று மேடம் தொட்டுக் காட்டினாள். மேடம் தவறு செய்து யாரும் பார்த்ததில்லை.

சின்னவள் விளக்கைப் பக்கத்தில் இழுத்துச் சேற்றின் மேல் சாய்த்துப் பிடித்தாள்.

குழாயைச் சேற்றுக்குள் அழுத்தும்போது, சுவரோடு ஒட்டிய சேற்றை அது கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டு போகும். அதனால் பிளந்து பார்த்தால் ஒவ்வொரு படிவும் நடுவில் எழும்பி, இரண்டு ஓரத்திலும் கீழே தொங்கும். கோபித்துக்கொண்ட வாய் மாதிரி. முதல் குழாய் அப்படித்தான். இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாமே உம்மென்றிருந்தன. மூன்றாவது மட்டும் ஓரங்கள் மேலே தூக்கி, ஒவ்வொரு படிவாக, மேலிருந்து கீழ்வரை பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

தலைகீழ்.

அவள் மனசுக்குள் அதைப் புரட்டிப் போட்டாள். நான்காம் குழாய் வறட்சியில் முடிகிறது. மூன்றாவது வறட்சியில் தொடங்குகிறது. பிறகு மழை திரும்புகிறது. மழை வந்து வெகுகாலம் கழித்து மரம் திரும்புகிறது. அப்படியே இரண்டாம் குழாயின் காட்டுக்குள் நுழைகிறது. இரண்டு தாவலும் காணாமல் போயின. ஆட்டுப் புழுக்கைத் தடம் மட்டும் முன்னால் இருந்த மாதிரியே மேலிருந்து கீழ்வரை இருந்தது. அப்படியென்றால் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்போதே காடு திரும்பி வந்திருக்கிறது.

வயதுக் கணக்கு ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை? அதற்குக் குழாய்க்கு ஒரு இடத்தில்தான், நடுவில் கிடந்த ஒரு சருகுத் துண்டில்தான், தேதி பார்த்திருந்தார்கள். நடு என்பது எப்படிப் புரட்டினாலும் நடுதான்.

சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சிரிக்கிறதா? நிஜமாகவே சிரிக்கிறதா? இல்லை, அக்கா தேநீர் குடிக்காமல் போனதிலிருந்து இவள் கண் சிரிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறதா? பசிக்கிறவனுக்கு நிலாவும் தோசைதான். விளக்கை அணைத்தாள், போட்டாள். மறுபடி பார்த்தாள். கால் மரத்துப்போகும் வரை பார்த்தாள்.

*

"சொல்லாதேன்னு சொல்ல மாட்டேன்," என்றான் மூக்கன். இருவரும் வெளியே வாயு உருளைகள் நிறுத்தியிருக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். "ஆனா சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ. ஆட்டுக்காரியோட தங்கச்சி குழாயைப் புரட்டிட்டான்னுதான் பேசுவாங்க. சேத்தைப் பத்தி எவனும் பேச மாட்டான்."

"எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கு. நீ வந்து பாரு."

"நான் பார்த்து என்ன? நான் உன் கூட்டாளி. நாம ரெண்டு பேரும் சேர்ந்து தின்னோம், சேர்ந்து புரட்டினோம்பாங்க."

"அப்போ பேசாம இருந்துடவா?"

"இருக்கலாம். மேடம் சந்தோஷமா இருப்பாங்க. மலை ஆபீஸ் சந்தோஷமா இருக்கும். உன் அக்கா ஆட்டை வித்துட்டு எங்கயாவது செங்கல் தூக்கப் போவாங்க. உனக்கும் சம்பளம் வரும்." மூக்கை உறிஞ்சினான். "ஏதோ கசியுது. இரு, வரேன்."

எதுவும் கசியவில்லை. அவளைத் தனியாக விடுவதற்காக அவன் போனான். போகிறவன் நின்று, திரும்பி, "அந்தம்மா கண்ணாலயே பார்க்க வை. உன் வாயை மூடிக்கோ," என்றான்.

மேடத்தின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. மேசையில் அறிக்கையின் அச்சுப்படி; மேடம் அதிலும் அடித்துக்கொண்டிருந்தாள், தன் சொந்த வரிகளை.

"மேடம், மூன்றாம் குழாய் தலைகீழா இருக்குன்னு எனக்குச் சந்தேகம்."

பேனா நின்றது. மேடம் நிமிரவில்லை. "உன் அக்கா வந்திருந்தாளாமே."

"ஆமா மேடம்."

"என்ன கேட்டா?"

"ஆட்டை விக்கவான்னு கேட்டா. வித்துடுன்னு சொன்னேன்."

இப்போது நிமிர்ந்தாள். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் சொல்றதை நம்பாதீங்க," என்றாள் சின்னவள். "எனக்கே நம்பிக்கையில்ல. நான் குளிரறைக்குள்ள வரல. மூக்கன் தட்டெல்லாத்தையும் மாத்திப் போட்டு, எண்ணும் மேல் கீழ் குறியும் தெரியாம மறைச்சு வைக்கட்டும். ஒவ்வொண்ணுலயும் எது மேல்பக்கம்னு நீங்களே ஓரத்தைப் பார்த்துச் சொல்லுங்க. நான் நினைக்கிறது தப்புன்னா நாளைக்கே முனையிலேருந்து மாதிரி எடுத்துக் குடுத்துடறேன். மறுபேச்சுப் பேச மாட்டேன்."

"எனக்குப் பரீட்சை வைக்கிறியா?"

"எனக்குத்தான் மேடம் பரீட்சை. எழுதப்போறது நீங்க."

மேடத்தின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை. எழுந்து, ஆணியில் தொங்கிய கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டாள்.

சின்னவள் குளிரறைக் கதவுக்கு வெளியே நின்றாள். தடித்த கதவு, உள்ளே பேசுவது கேட்காது. வட்டக் கண்ணாடியில் மேடத்தின் முதுகு மட்டும் தெரிந்தது. மூக்கன் பக்கத்தில் விளக்கைப் பிடித்திருந்தான். மேடம் ஒரு தட்டைப் பார்த்தாள், அம்பு வரைந்த காகிதத் துண்டு ஒன்றை அதன் மேல் வைத்தாள். அடுத்தது. அடுத்தது. அவசரப்படவில்லை. ஒரு தட்டில் மட்டும் குனிந்தபடியே இருந்தாள். விளக்கை மூக்கனிடமிருந்து வாங்கி, தானே சாய்த்துப் பிடித்தாள். பிறகு காகிதத்தை வைத்தாள். மூக்கன் எண்களையும் குறிகளையும் மறைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.

கதவு திறந்தது. மேடத்தின் மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"அஞ்சுல நாலு சரி," என்றாள். "ஒண்ணுல என் அம்பு குறிக்கு எதிரா நிக்குது."

யாரும் எது என்று கேட்கவில்லை.

"மூடி போட்டது நான்தான்." கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். ஒரு கை சிக்கிக்கொண்டது, உதறி எடுத்தாள். "நீ வாந்தி எடுத்துக்கிட்டிருந்தே."

"ஆமா மேடம்."

"அதை வச்சு உன் மேல பழி போடலாமான்னு உள்ளேயே யோசிச்சுப் பார்த்துட்டேன். எப்படிச் சுத்தினாலும் வரல."

மூக்கன் கனைத்தான். சிரிப்பை அடக்கத்தான்.

"கேட்டுக்கோ," என்றாள் மேடம், நடந்துகொண்டே. "என் கண்ணு பார்த்தது போதாது. மூன்றாம் குழாய்ல மேல் முனைக்கிட்ட ஒண்ணு, கீழ் முனைக்கிட்ட ஒண்ணு, ரெண்டு சருகு தேடி எடு. தேதி பார்க்க அனுப்பணும். அது வர்ற வரைக்கும் அறிக்கை கிடையாது. மலை ஆபீசுக்கு இப்பவே பேசறேன், அனுப்பின சுருக்கத்தை நம்ப வேணாம்னு. இன்னொண்ணு. இது ஆட்டுக்கு நற்சான்று இல்ல. அந்தக் காலத்துல எவ்வளவு ஆடு, எப்படி மேய்ச்சாங்க, எதுவும் நமக்குத் தெரியாது. உன் அக்காகிட்டயும் அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாதே."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்குப் பின்னால் வெகுநேரம் தொலைபேசி எடுக்கிற சத்தமே கேட்கவில்லை. பிறகு கேட்டது.

*

மலையில் போன் எடுக்காது. சின்னவள் மறுநாள் காலை பஸ் பிடித்தாள். வளைவுக்கு வளைவு பஸ் முனகிக்கொண்டு ஏறியது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்தாள். அக்கா முதலில் திட்டுவாள், பிறகு சிரிப்பாள், பிறகு சாப்பிடச் சொல்வாள் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

பட்டியின் கல்சுவர் தூரத்திலேயே தெரிந்தது. சத்தம் இல்லை. ஆட்டுப்பட்டிக்கு எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. அது நின்றுபோனால் காது அடைத்த மாதிரி இருக்கும். படல் திறந்து கிடந்தது. அக்கா உள்ளே குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு கிழட்டுப் பெட்டையும் முன்னங்கால் நொண்டுகிற ஒரு கிடாவும் சும்மா நின்றன.

"எங்கக்கா மத்ததெல்லாம்?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து வண்டி வந்துச்சு. நீதானே முந்திக்கச் சொன்னே. இது ரெண்டையும் அவனே வேணாம்னுட்டான்."

சின்னவள் கல்சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். பஸ்ஸில் அடுக்கியது எதுவும் வரிசையாக வரவில்லை. மூடி, காற்று, அம்பு, சிரிக்கிற சேறு என்று முன்னும் பின்னுமாக வந்தது. மேடம் சொன்னதையும் சொன்னாள்: இது நற்சான்று இல்லை, இன்னும் பார்க்கணும், சுருக்கத்தை நம்ப வேண்டாம் என்று மலை ஆபீசுக்குச் சொல்லியாச்சு. அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"மேல கீழ மாறிப்போச்சு."

"ஆமாக்கா."

"ஒரு மூடி தண்ணியில விழுந்ததுக்கு."

"ஆமா."

அக்கா மறுபடி கூட்டத் தொடங்கினாள். நாலு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினாள். "இந்த மலையில வேற எவனும் விக்கல தெரியுமா? உத்தரவு வரட்டும், அப்போ பார்த்துக்கலாம்னு உட்கார்ந்திருக்காங்க. நான் மட்டும்தான் முந்திக்கிட்டேன். அவங்களுக்கெல்லாம் படிச்ச தங்கச்சி இல்ல பாரு."

அதை அக்கா கத்திச் சொல்லியிருக்கலாம். கத்தவில்லை. சின்னவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அக்கா சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவள் தலையில் ஏற்றக்கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

"மாமா?"

"வண்டி பின்னாலயே ஊர் எல்லை வரைக்கும் நடந்தாராம். இன்னும் யார்கூடயும் பேசல. வருவாரு."

நொண்டிக் கிடா வந்து சின்னவளின் துப்பட்டா நுனியைக் கடித்தது. அவள் இழுக்கவில்லை.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்," என்றாள் அக்கா. "நீ சொல்றியா, அளவு சொல்லுதான்னு."

"கேட்டே."

"ரெண்டும் ஒண்ணுன்னே."

"ஒண்ணு இல்லக்கா. அளவு சரியாத்தான் இருந்துச்சு. அது எந்தப் பக்கம் மேலன்னு சொன்னது ஆளுங்கதான். நானும் அதுல ஒருத்தி."

அக்கா அதை மென்று பார்த்தாள். ஏற்றுக்கொண்டாளா என்று முகத்தில் தெரியவில்லை. மூலையில் குவித்திருந்த குப்பையை மண்வெட்டியால் கூடையில் அள்ளினாள். புழுக்கையும் மண்ணும் கலந்தது, மேலெல்லாம் காய்ந்து பொருபொருவென்று இருந்தது. கூடையைக் காலால் தங்கை பக்கம் தள்ளினாள்.

"வந்ததுதான் வந்தே. அதைக் கொண்டு போய்க் குழியில கொட்டிட்டு வா. அப்புறம் சாப்பிடு."

சின்னவள் துப்பட்டாவைக் கிடாவின் வாயிலிருந்து விடுவித்து, சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்தாள். கூடையை உடனே தலைக்கு ஏற்றவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பார்த்தாள்.

கனத்தது. அடியில் ஈரம் இருந்தது.